ஞானம்மாள் டீச்சரின் கூட்ஸ் வண்டிப் பாட்டு

ஞானம்மாளுக்குப் பெயரில் மட்டும்தான் ஞானம் என்று எங்கள் தெருவில் ஒரு கேலி உண்டு. பாட்டு ஞானத்தைச் சொல்கிறார்கள். எனக்கு அந்தக் கேலியைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். பாடத் தெரியாதது ஒரு குற்றமா? என்னைப் பாடச் சொல்லிப் பாருங்கள், படுத்திருக்கிற நாய் எழுந்து அடுத்த தெருவுக்குப் போய்விடும். என்னை யாரும் பாடச் சொன்னதில்லை, அவளைச் சொன்னார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

நான் கௌரியம்மாள். திருத்தணியில் நெசவுக்காரத் தெருப் பால்வாடிக்கு ஆயாவாக இருந்தவள். கஞ்சி காய்ச்சுவது, மூக்கு துடைப்பது, அழுகிற பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு திரிவது என் வேலை. ஞானம்மாள் டீச்சர். அவளை விட நான் மூத்தவள் என்பதால் என்னை அக்கா என்பாள். பிள்ளைகள் எதிரில் நான் அவளை டீச்சர் என்பேன், அடுப்படியில் ஞானம் என்பேன்.

அவள் திருவாலங்காட்டிலிருந்து இந்தத் தெருவுக்கு மருமகளாக வந்தவள். புருஷன் கங்காதரன் லுங்கி நெய்கிறவன், நல்ல பிள்ளை. அறுபத்து மூன்றில் கல்யாணம். கல்யாணத்தன்று சாயங்காலம் நலங்கு வைத்தார்கள். பெண்ணையும் மாப்பிள்ளையையும் பாயில் எதிரெதிரே உட்கார வைத்து, தேங்காய் உருட்டச் சொல்லி, அப்பளம் உடைக்கச் சொல்லி, பெரியவர்கள் சுற்றி நின்று கலாட்டா செய்கிற சடங்கு அது. நடுவில் பெண் ஒரு பாட்டுப் பாட வேண்டும். பெண்ணைப் பெற்றவள், "தொண்ட கட்டிகினு இருக்குதுங்க, விட்டுடுங்க" என்று கெஞ்சிப் பார்த்தாள். எங்கள் தெருப் பெண்களா விடுவார்கள்? பாடினால்தான் பாயை விட்டு எழுந்திருக்கலாம் என்று பிடித்துக்கொண்டார்கள். இவளும் பாடினாள்.

முதல் அடி முடிவதற்குள் ஒருத்தி முந்தானையை வாயில் அமுக்கிக்கொண்டாள். இரண்டாவது அடியில் கூட்டமே சிரித்தது. மாப்பிள்ளைப் பையனும் சிரித்தான். அவன் சிரித்ததில் கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது, எல்லாரும் சிரித்தார்கள், அவனும் சிரித்தான். ஆனால் ஞானம்மாள் அவனைத்தான் பார்த்தாள். "மத்தவங்க சிரிச்சது போவட்டும்க்கா, அவரு சிரிச்சதும் எனக்கு பாய்க்குள்ளயே சுருட்டி வெச்சிட்டாத் தேவலன்னு இருந்துச்சு" என்று பிற்பாடு சொல்லியிருக்கிறாள். அதோடு பாட்டுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டாள். பெண் பிறந்தபோது தாலாட்டு கூடப் பாடவில்லை. அம்சா என்கிற அந்தக் குழந்தை தறிச் சத்தத்திலேயே தூளியில் தூங்கி வளர்ந்தது. வேடிக்கை என்னவென்றால், அதற்குக் குரல் அப்படி வாய்த்தது. சனிக்கிழமை பஜனையில் அம்சா வாயைத் திறந்தால் கிழவர்கள் கூடத் தாளம் போடுவதை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள்.

எழுபத்து மூன்றில் எங்கள் தெருவுக்குப் பால்வாடி வந்தது. பஜனைக் கூடத்திலேயே பகலில் நடத்திக்கொள்ளலாம் என்றார்கள். தெருவில் பத்தாவது தேறின ஒரே மருமகள் ஞானம்மாள், அவளுக்கே வேலை கிடைத்தது. பயிற்சிக்குப் போய் வந்தாள். அங்கே பிள்ளைகளுக்குச் சொல்லித்தர ஒரு பாட்டுக் கற்றுக் கொடுத்தார்களாம். மாவட்டத்துப் பால்வாடி டீச்சர்கள் எல்லாருக்கும் அதே பாட்டு, அதே மெட்டு. இவள் கூட்டத்தோடு கூட்டமாக நின்று வாயை மட்டும் அசைத்துவிட்டு வந்திருக்கிறாள். பாட்டு இதுதான்:

ஆட்டுக்குட்டி படியில ஏறுது
அம்மா ராட்டை சுத்தி ஓடுது
கோயில் மணி ஆடிக் கூப்பிடுது
கூட்ஸு வண்டி தூரம் போவுது

முதல் மாதம் முழுக்க அதை அவள் பாடவில்லை, ஒப்பித்தாள். ரேஷன் கடையில் பெயர் வாசிக்கிற மாதிரி வாசிப்பாள். பிள்ளைகள் என்ன செய்யும்? ஒன்று தூங்கும், ஒன்று பக்கத்துப் பிள்ளையின் சடையைப் பிடித்து இழுக்கும், கஞ்சி குடித்ததும் பாதிப் பிள்ளைகள் வீட்டுக்கு ஓடிவிடும். "பாடித் தொலையேன் டீச்சரு, அதுங்களுக்கு இன்னா தெரியப் போவுது" என்று நான் ஒரு நாள் எரிந்து விழுந்தேன். அவள் முகம் சுண்டிப்போய்விட்டது.

அதற்கு வழி காட்டியது இரண்டரை வயதில் வந்து சேர்ந்த மணியம்மை என்கிற பிள்ளைதான். அது வாயே திறக்காது. காலையில் கொண்டுவந்து எங்கே விட்டார்களோ சாயங்காலம் வரை அங்கேயே உட்கார்ந்திருக்கும். ஞானம்மாள் கூட்ஸு வண்டி என்று ஒப்பித்துக்கொண்டிருக்கும்போது அது காலி பால்பவுடர் டப்பாவை எடுத்துத் தரையில் தட்டியது. தடக்கு தடக்கு, தடக்கு தடக்கு. எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குத் தண்டவாளச் சத்தத்தைச் சொல்லியா தர வேண்டும்? எல்லாப் பிள்ளைகளும் திரும்பிப் பார்த்தன. ஞானம்மாளும் பார்த்தாள். மறுபடியும் அந்த அடியைச் சொன்னாள். மணியம்மை மறுபடியும் தட்டியது.

அன்றைக்குப் பிடித்துக்கொண்டாள். ஆட்டுக்குட்டிக்குக் கொட்டாங்குச்சி, இரண்டு கையிலும் ஒவ்வொன்று, டக்கு டக்கு என்று படியேறும். ராட்டைக்கு நிஜ ராட்டையே வந்தது. கால் உடைந்து பரணில் கிடந்ததைக் கங்காதரன் சரிசெய்து கொடுத்தான், சுற்றினால் கிர்ரென்று கத்தும். கோயில் மணிக்கு மாட்டுக் கழுத்து மணி, அது பிற்பாடு வந்து சேர்ந்த கஜபதி என்கிற வாயாடிப் பையன் கையில். கூட்ஸு வண்டி மணியம்மையுடையது, அதை வேறு யாராவது தொட்டால் கடித்துவிடும். மற்றப் பிள்ளைகளுக்குப் புளியங்கொட்டை போட்ட டப்பா, ஆடிக் கிருத்திகையில் காவடிக்காரர்கள் அறுத்துப் போட்டுவிட்டுப் போன சலங்கை. ஓர் அடி முடிந்ததும் அந்த அடிக்கு உரிய பிள்ளைகள் மட்டும் வாசிக்க வேண்டும், மற்றவர்கள் கையைக் கட்டிக் காத்திருக்க வேண்டும். டீச்சர் கையை மூடினால் எல்லாம் கப்சிப்.

நாலு வயதுப் பிள்ளையைத் தன் முறை வரும்வரை கையில் சலங்கையோடு சும்மா உட்கார வைக்க முடியுமா? அவள் உட்கார வைத்தாள். அது லேசான காரியமில்லை. இப்போது வேண்டுமானால் யாராவது செய்து காட்டட்டும், பார்க்கிறேன். கஞ்சி குடித்துவிட்டு ஓடுகிற பிள்ளைகள் ஓடுவதை நிறுத்தின. மணியம்மை பேச ஆரம்பித்தது. தறியில் உட்கார்ந்திருக்கிற ஆண்கள் எங்கள் சத்தம் கேட்டால் ஊடை நூல் ஓட்டுகிற நாடாவை அதற்குத் தகுந்தாற்போல் எறிவார்கள் என்று கங்காதரன் சொல்லிச் சிரிப்பான்.

இதில் இன்னொன்றும் நடந்தது. முப்பது பிள்ளைகள் போடுகிற அந்த இரைச்சலுக்குள் ஞானம்மாள் பாட ஆரம்பித்தாள். முதலில் முணுமுணுப்பாக, அப்புறம் வாய்விட்டு. நான் கஞ்சி கிண்டிக்கொண்டே பார்ப்பேன். கண்ணை மூடிக்கொண்டு, கழுத்து நரம்பு தெரிய, அவ்வளவு சந்தோஷமாகப் பாடுவாள். குரல் வெளியே கேட்காது என்கிற தைரியம். மெட்டு எங்கே மேலே ஏற வேண்டுமோ அங்கே இவளுடையது தொபுக்கென்று கீழே இறங்கும். ஒவ்வோர் அடிக்கும் பிறகு வாத்தியம் வாசிக்க ஓர் இடைவெளி விடுவாள், அதுவும் இவளே வைத்துக்கொண்டது. எனக்குக் காதில் விழும், அடுப்பைப் பார்த்துக்கொள்வேன். யாருக்கு என்ன நஷ்டம் என்றுதான் நினைத்தேன்.

எழுபத்தாறில் முக்கிய சேவிகா ஜெயம்மாள் வந்தார். வட்டாரத்துப் பால்வாடிகளை எல்லாம் சுற்றிப் பார்க்கிற மேலதிகாரி அவர். தன் குரல் அவர் காதில் விழுந்துவிடுமோ என்று ஞானம்மாளுக்குப் பயம். பிள்ளைகளிடம், "இன்னிக்கு எல்லாரும் பலமா வாசிக்கணும், இன்னா?" என்றாள். கேட்க வேண்டுமா? கூடமே இடிந்து விழுகிற மாதிரி வாசித்தார்கள். அதில் டீச்சரின் குரல் எங்கே கேட்கும்? அந்த அம்மாள் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார், பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இந்த மாதிரி எங்கயும் நான் பாத்ததில்ல ஞானம்மா. நவம்பர் பதினாலு காஞ்சிபுரத்துல குழந்தைகள் தின விழா. மேடையில உங்க பசங்கதான் வாசிக்கப் போறாங்க" என்றார்.

"சின்னப் பசங்க மேடம், பஸ்ஸுல வாந்தி எடுக்கும்ங்க."

"எடுத்தா தொடச்சிக்கலாம்" என்று சொல்லிவிட்டு அவர் கிளம்பிவிட்டார்.

சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. அவனவன் தறியில் இருந்ததில் நல்ல துண்டாக வெட்டி எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே மாதிரி சட்டை தைக்கக் கொடுத்தான். ஞானம்மாள் மட்டும் சாப்பிடவில்லை. மேடை என்றால் மைக் இருக்குமே, மைக் முன்னால் போய் எப்படிப் பாடுவது? மறுநாள் காலையில் முகம் தெளிந்து வந்தாள். "அம்சாவப் பாட வெச்சிடலாம்க்கா. நான் கைய மட்டும் ஆட்டறேன்" என்றாள். எனக்கும் நல்ல யோசனையாகத்தான் பட்டது.

அம்சா அப்போது ஏழாவது படித்துக்கொண்டிருந்தாள். அன்று பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கூடத்தில் நின்று பாடினாள். பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புகளில் அதே பாட்டைப் பாடுவார்கள், அவளுக்குச் சரியான மெட்டு தெரியும். தேன் மாதிரி இருந்தது, பொய் சொல்லக் கூடாது. ஆனால் ஒரு பிள்ளையும் வாசிக்கவில்லை. கொட்டாங்குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தார்கள். கஜபதி மணியைத் தரையில் வைத்தான்.

"அக்கா தப்பா பாடுது டீச்சரு."

"எதுடா தப்பு?" என்றாள் ஞானம்மாள்.

"எல்லாமே தப்பு. அக்காவுக்குப் பாட்டே தெரியல."

"ஆங், தப்பு, தப்பு" என்று மற்றப் பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள். கஜபதி எழுந்து நின்று, எப்படிப் பாட வேண்டும் என்று பாடியே காட்டினான். ஏற வேண்டிய இடத்தில் தொபுக்கென்று இறங்கினான். அச்சு அசல் ஞானம்மாள்.

அம்சாவுக்கு முகம் சிவந்துவிட்டது. பையனை விட்டுவிட்டு அம்மாவைப் பார்த்தாள். "கேட்டியா? நீ இப்டித்தான் பாடுற. ஒரு புள்ள பாக்கி இல்ல, எல்லாத்துக்கும் இப்டியே ஏத்தி அனுப்புற. நம்ம தெருப் பசங்க ஒண்ணாங்கிளாஸ்ல வந்து பாடுனா எங்க டீச்சருங்க ஒருத்தர ஒருத்தர் பாத்துகினு சிரிக்கிறாங்க. நெசவுத் தெரு மெட்டுன்னு பேரே வெச்சிட்டாங்க. உங்க அம்மாதானே சொல்லிக் குடுத்ததுன்னு என்னாண்ட கேக்கறாங்க. நானு தலையத் தொங்கப் போட்டுகினு நிக்கிறேன்."

"எப்பலேர்ந்து?" என்றாள் ஞானம்மாள்.

"ரெண்டு மூணு வருசமா."

ஞானம்மாள் அடுப்படிக்கு வந்து என் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். அப்படி ஒரு முகத்தை நான் பார்த்ததில்லை. திருடிவிட்டு அகப்பட்டவள் கூட இன்னும் கொஞ்சம் நிமிர்ந்து இருப்பாள். "என் கொரல மறைக்கிறதா நெனச்சிகினு இருந்தேன்க்கா. பசங்க தொண்டையில கொண்டுபோயி ஒளிச்சு வெச்சிருக்கேன்" என்றாள். "மெட்டு கோணலா இருந்தா சோறு எறங்காதா, போ டீச்சரு" என்று நான் சொன்னேன். அவளுக்கு அது காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. தன் பிள்ளை பள்ளிக்கூடத்தில் தன்னால் தலை குனிந்து நிற்கிறது, அதுவும் வருஷக்கணக்காக, தன்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல். அதுதான் அவளை அரித்தது.

விழாவுக்குப் போகவில்லை என்று சொல்லிவிடலாம் என்றாள். எப்படிச் சொல்வது? தெருவே சட்டைக்குத் துணி வெட்டிக் கொடுத்தாகிவிட்டது. கடைசியில் அம்சாவே இறங்கி வந்தாள். நான் பாடுகிறேன், இடைவெளியும் விடுகிறேன், பிள்ளைகளைப் பழக்கிக்கொள்ளலாம் என்றாள். ஒரு நிபந்தனை போட்டாள்.

"மேடையில நீ வாயத் தொறக்கக் கூடாது. சும்மா கூட முணுமுணுக்கக் கூடாது. எங்க ஸ்கூல்லேர்ந்தும் பொண்ணுங்க வராங்க."

"தொறக்க மாட்டேன்" என்று ஞானம்மாள் மகளின் கையில் அடித்துக் கொடுத்தாள்.

தினமும் சாயங்காலம் பழகினார்கள். பிள்ளைகளுக்குச் சரியான மெட்டு ஏறவே இல்லை. ஆனால் ஒவ்வோர் அடிக்கும் பிறகு அம்சா நிறுத்தி, கையைக் காட்டியதும் வாசிக்கப் பழகிக்கொண்டார்கள். ஞானம்மாள் வாயை இறுக்க மூடிக்கொண்டு, கையை மட்டும் ஆட்டிக்கொண்டு நிற்பாள்.

நவம்பர் பதினாலாம் தேதி விடிவதற்கு முன்பே பஸ் ஏறினோம். சொன்னபடி வாந்தி எடுத்தார்கள், துடைத்தோம். காஞ்சிபுரத்தில் பெரிய மண்டபம், நிறைய பால்வாடிகள், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், அதிகாரிகள். மேடையில் ஒரு பக்கம் ஆர்மோனியக்காரரும் தபலாக்காரரும் உட்கார்ந்திருந்தார்கள். எல்லா ஊர்ப் பிள்ளைகளுக்கும் அவர்கள்தான் வாசிக்கிறார்கள் என்றார்கள். அதை யாரும் எங்களுக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. எங்களுக்கு முன்னால் மூன்று பால்வாடிகள் அதே ஆட்டுக்குட்டிப் பாட்டைத்தான் பாடினார்கள், ஆர்மோனியம் நிற்காமல் கூடவே ஓடியது.

எங்கள் முறை வந்தது. பிள்ளைகள் புதுச் சட்டையோடு, ராட்டையும் டப்பாவுமாக வரிசையாக உட்கார்ந்ததைப் பார்த்ததுமே ஜனங்கள் கை தட்டினார்கள். ஒரே மைக். அதன் முன்னால் அம்சா நின்றாள். ஞானம்மாள் பிள்ளைகளுக்கு எதிரே மண்டி போட்டு உட்கார்ந்தாள். நான் மேடைப் படி ஓரத்தில் தண்ணீர்க் கூஜாவோடு நின்றேன்.

அம்சா முதல் அடி பாடினாள். மண்டபம் அடங்கிப்போயிற்று. பாடிவிட்டு, பழகினபடி நிறுத்தினாள். ஆர்மோனியம் நிற்கவில்லை. அவருக்கு என்ன தெரியும், பிள்ளை மறந்துவிட்டது என்று நினைத்து அடுத்த அடியை எடுத்துக் கொடுத்தார். தபலாவும் போய்க்கொண்டே இருந்தது. அம்சா தடுமாறி அதன் பின்னால் ஓடினாள். அவளையும் குற்றம் சொல்ல முடியாது, பன்னிரண்டு வயசுப் பிள்ளை. ஆட்டுக்குட்டி ஏறுவதற்குள் ராட்டை வந்துவிட்டது. ராட்டைக்காரப் பையன் சுற்றவா வேண்டாமா என்று திரும்பித் திரும்பிப் பார்த்தான். ஒருத்தன் கொட்டாங்குச்சியைத் தட்டினான், நடுவிலே நிறுத்திவிட்டான். கஜபதி பலமாக, "அக்கா, தப்பு! நில்லுக்கா!" என்று கத்தினான். மண்டபம் கொல்லென்று சிரித்தது.

குழந்தைகளைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்புதான், அதில் விஷம் இல்லை. ஆனால் சிரிப்பு யாருக்கு எப்படி இருக்கும் என்று யாருக்குத் தெரியும்? மணியம்மை டப்பாவை மடியில் வைத்து இரண்டு கையாலும் மூடிக்கொண்டு, வாயையும் மூடிக்கொண்டாள். பால்வாடிக்கு வந்த புதிதில் இருந்தாளே, அந்த முகம். இன்னொரு பிள்ளை அழ ஆரம்பித்தது. அம்சா பாடுவதை நிறுத்திவிட்டு அம்மாவைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பாடு என்றும் இருக்கலாம், பாடிவிடாதே என்றும் இருக்கலாம்.

ஞானம்மாள் பாடினாள்.

பிள்ளைகளுக்குக் கேட்டால் போதும் என்றுதான் பாடினாள். மைக் செட்டுப் பையன் ஒருத்தன், உதவி செய்கிறோம் என்று நினைத்து, மைக்கைத் தூக்கிக்கொண்டு வந்து அவள் வாய்க்கு நேரே வைத்தான். அவள் அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டும் நிறுத்தவில்லை. காஞ்சிபுரத்துத் தெருவெல்லாம் கேட்கிற மாதிரி ஞானம்மாளின் குரல் ஒலிபெருக்கியில் போயிற்று. ஆட்டுக்குட்டி படியில ஏறுது என்று ஏறி, தொபுக்கென்று விழுந்தது.

டக்கு டக்கு என்று கொட்டாங்குச்சி, ஒரு பிள்ளை பிசகாமல்.

ஆர்மோனியக்காரர் கட்டையிலிருந்து கையை எடுத்துவிட்டார். எந்தக் கட்டையில் சேர்ப்பது? மண்டபம் முதலில் திகைத்தது, அப்புறம் வாய்விட்டுச் சிரித்தது. இந்தச் சிரிப்பு பிள்ளைகளைப் பார்த்து இல்லை. ராட்டை சுற்றியது. மணி அடித்தது. கூட்ஸு வண்டி வந்தபோது மணியம்மை எழுந்து நின்றே தட்டினாள். மைக்கில் அவர்கள் சத்தம் பாதிதான் கேட்டது, டீச்சரின் குரல் மட்டும் முழுசாகக் கேட்டது. ஞானம்மாளுக்கு வியர்த்து ரவிக்கை நனைந்துவிட்டது. ஆனால் கையை மூடுகிற இடத்தில் சரியாக மூடினாள், முப்பது பிள்ளைகளும் ஒன்றாக நிறுத்தினார்கள். கைதட்டல் வந்தது. நிகழ்ச்சியை நடத்துகிறவர் மைக்கைப் பிடித்து, "டீச்சரம்மா குரலுக்கு ஈடு கொடுக்க இத்தனை வாத்தியம் வேண்டியிருக்கு" என்றார். மறுபடியும் சிரிப்பு. அந்த மனுஷனை அப்போதே கூஜாவால் அடித்திருப்பேன்.

திரும்பிப் பார்த்தால் அம்சா மேடையில் இல்லை.

மத்தியானம் மண்டபத்துக்குப் பின்னால் புளிசாதப் பொட்டலம் கொடுத்தார்கள். பிள்ளைகள் எதுவுமே நடக்காத மாதிரி சாப்பிட்டார்கள், கஜபதி இரண்டு பொட்டலம் வாங்கிக்கொண்டான். ஞானம்மாள் யார் முகத்தையும் பார்க்காமல் பரிமாறினாள். ஒரு பொட்டலத்தைத் தனியாக எடுத்துக்கொண்டு, "அம்சா ஒண்ணும் சாப்புடலக்கா" என்றாள். இரண்டு பேரும் தேடிக்கொண்டு போனோம்.

தூணுக்கு அந்தப் பக்கம் அவளுடைய பள்ளிக்கூடத்துப் பெண்கள் இல்லாத இடமாகப் பார்த்து நின்றிருந்தாள். அவளோடு ஓர் அம்மாள் பேசிக்கொண்டிருந்தார். காஞ்சிபுரத்தில் பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் பாட்டு டீச்சராம், பட்டுப் புடவை, மூக்குக் கண்ணாடி. "ஒரு அடிதான் பாடினே, ஆனா என்ன சாரீரம்! யார்கிட்ட கத்துக்கிற?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "அப்புறமா பாடினாங்களே ஒரு டீச்சர், அவங்க உங்க அம்மான்னு யாரோ சொன்னாங்க. நிஜமா?" என்றார். கேலியாகக் கேட்கவில்லை, ஆச்சரியமாகத்தான் கேட்டார்.

அம்சா எங்களைப் பார்க்கவில்லை.

"இல்லீங்க" என்றாள். "எங்க பக்கத்து வூடு."

எனக்குக் கை துறுதுறுத்தது. பிடித்து இழுத்து இரண்டு போடலாம் என்று ஓர் அடி எடுத்து வைத்தேன். ஞானம்மாள் என் மணிக்கட்டைப் பிடித்தாள். அந்தப் பிடியில் என் வளையல் உடைந்தது. அதற்குள் அந்த அம்மாள் எங்களைப் பார்த்துவிட்டார், அம்சாவும் திரும்பினாள். அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

"நீங்கதானே பாடினது?" என்று பாட்டு டீச்சர் சிரித்துக்கொண்டே கேட்டார். "இந்தப் பொண்ணு உங்க பக்கத்து வீடாமே?"

"ஆமாங்க" என்றாள் ஞானம்மாள். "பக்கத்து வூட்டுப் பொண்ணுதான். பாட ஆளு வேணும்னு நான்தான் கூட்டிகினு வந்தேன்." கொஞ்சம் நிறுத்தி, "அவங்க அம்மாவும் நல்லா பாடுவாங்க. அந்தக் கொரலுதான் இதுக்கும் வந்திருக்குது" என்றாள்.

ஞானம்மாள் புளிசாதப் பொட்டலத்தை அம்சாவிடம் நீட்டி, "சாப்புடும்மா" என்றாள். அடுத்த வீட்டுப் பிள்ளையிடம் சொல்கிற மாதிரியே சொன்னாள்.